கேட் கீப்பரின் தனிமொழி: நான்கு பாடங்களும் ஒரு பதிலும்

2004 ஆகஸ்ட் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். பகலெல்லாம் புழுக்கம். ஐந்தரைக்குத் தொடங்கிய தூறல் ஆறு ஐந்துக்கு நின்றது. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் நாடகம் போடவிருந்த பள்ளி அரங்கத்துக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் மேடையில் பேசுவது மூன்றாவது வரிசையைத் தாண்டாது. அதனால் நான் நான்கு முறை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். செம்பாக்கம் பக்கம் கறுத்திருந்தது. முடிச்சூர் பக்கம் வெளுத்திருந்தது. இரண்டில் எது நம் பக்கம் வரும் என்று சொல்ல முடியவில்லை. ஐந்தாவது முறை போகக் கிளம்பியபோது, அப்போது எங்கள் நாடகக் குழுவை நடத்திய மெர்சி வந்து, "அங்கிள், நீங்க பாக்கறதால மழை நிக்காது, உள்ள வந்து உக்காருங்க" என்று கூட்டிப் போனாள்.

எங்கள் குழுவின் இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி இப்போதுள்ள இளைஞர்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருவருக்குப் பெரிய சந்தேகம். முன்பெல்லாம் ஒரு பாத்திரம் மேடையில் தனியாக நின்று நான்கு நிமிடம் பேசுமாமே, ஜனங்கள் சிரிக்கவில்லையா, எழுந்து போகவில்லையா என்றார். சிரித்தார்கள். சிலர் எழுந்தும் போனார்கள். அதற்காக நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதை எழுதினால் கட்டுரை ஆகிவிடும் என்று தோன்றியது.

நான் நடிகன் இல்லை. பகலில் கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சம்பளம் அங்கே. ஆனால் என் வேலை என்று நான் சொல்வது, 1976 முதல் 2008 வரை பார்த்த பிராம்ப்டர் வேலையைத்தான். மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால், நீலக் காகிதம் சுற்றிய சின்ன பல்பின் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். மடியில் நாடகப் பிரதி. நடிகர் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அங்கே ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

முதல் இரண்டு வருடங்களில் நான் கற்றுக்கொண்டதைவிட நடிகர்களிடம் திட்டு வாங்கியது அதிகம். அதை விட்டுவிடுகிறேன். கற்றுக்கொடுத்தவர் தேவசகாயம் சார். தாம்பரத்தில் பள்ளித் தமிழாசிரியர். எங்கள் நாடகங்களை எழுதியவரும் இயக்கியவரும் அவர்தான். மெர்சி அவருடைய மகள். சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தவறு செய்தால் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ பாப்போமாய்யா" என்பார். கண்ணாடி கழன்றாலே எங்களுக்கு வியர்த்துவிடும். ஒத்திகை ஒன்றில் பதினோரு முறை கழற்றினார். அன்றைக்கு மேடையில் நின்றவர்கள் மூன்றே பேர்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைகள் இவை. வசனத்தை முழுதாகக் கொடுக்கக் கூடாது. முதல் வார்த்தையில் இரண்டு எழுத்து போதும். மூச்சை விட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், இழுக்கும்போது பேசினால் சீறும். பிரதியில் ஒரு கோடு போட்டிருந்தால் நடிகர் மூச்சு வாங்கும் இடம். இரண்டு கோடு என்றால் நிறுத்தம். வட்டம் போட்டிருந்தால் வேண்டுமென்றே விட்ட மௌனம். வட்டத்துக்குள் பிராம்ப்டர் வாயைத் திறந்தால் கொலைக் குற்றம். நான் ஒருநாள் கேட்டேன்: வட்டம் இல்லாத இடத்தில் நடிகர் நின்றுவிட்டால், மறந்துவிட்டாரா, யோசித்து நிற்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

"முகத்தப் பாக்காதீங்க. கால் விரலப் பாருங்க" என்றார் சார். "மறந்தவன் விரல் தரையத் தேடும்."

உரையாடலில் இந்தச் சிக்கல் குறைவு. ஒருவர் மறந்தால் எதிரில் நிற்பவர், "என்ன, பேச்சையே காணோம்?" என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். தனிமொழியில் எதிரில் யாரும் இல்லை. அந்த நான்கு நிமிடமும் மேடையில் இருப்பது நடிகரும் இருட்டில் நானும்தான். அதனால் தனிமொழி வரும் நாட்களில் நான் மத்தியானமே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன்.

சார் எழுதியதில் அதிக முறை மேடையேறியது 'மூடிய கேட்'. கதை சிறியது. ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே கேட். கேட் கீப்பர் தனியாக இருக்கிறார். எக்ஸ்பிரஸ் வர ஆறு நிமிடம் இருக்கிறது, கேட்டை மூடிவிட்டார். மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. உள்ளே பிரசவ வலியோடு அவருடைய மகள், கூட மருமகன். ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். திறக்கலாமா, கூடாதா? அங்கே வருகிறது தனிமொழி. அவர் திறக்கவில்லை. ரயில் போகிறது. குழந்தை ஆட்டோவிலேயே நல்லபடியாகப் பிறக்கிறது. போட்டி ஒன்றில் நடுவர், மகளை இறக்கித் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்டார். "வரலாம்யா. அது வேற நாடகம்" என்றார் சார்.

கேட் கீப்பராக முதல் காட்சியிலிருந்து நடித்தவர் ஏழுமலை. கோவளம் குப்பத்தில் பிறந்தவர். குடும்பத்தில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் பஸ் டிப்போவில் மெக்கானிக்காகி, தாம்பரத்துக்கு வந்துவிட்டார். மனைவி கேம்ப் ரோட்டில் மீன் விற்றார். ஏழுமலைக்குக் குரல் என்றால் அப்படியொரு குரல். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை போகும்.

அந்தத் தனிமொழிக்கு நான்கு பாடங்கள், அதாவது நான்கு வடிவங்கள், உண்டு. 1979இல் எழுதிய முதல் பாடம் முப்பத்தொரு வாக்கியம். கேட் கீப்பர் மேடையின் முன்விளிம்புக்கு வந்து ஜனங்களைப் பார்த்து நேரடியாகப் பேசுவார். கடைசியில், "நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்பார். அங்கே ஒரு வட்டம். ஐந்து எண்ணுவதற்குள் "வண்டி வருது" என்று முடிப்பார். இது பழைய பாணி, தனியாக இருக்கும் ஆளுக்கு முந்நூறு பேர் எப்படிக் கண்ணில் படுகிறார்கள் என்று ஒரு பெரியவர் குறை சொன்னார். சார் இரண்டு நாள் யோசித்து மாற்றினார். இரண்டாம் பாடத்தில் கேட் கீப்பர் கைவிளக்கை ஆணியில் மாட்டிவிட்டு விளக்கிடம் பேசுவார். "நீ சொல்லு, பச்சையா, செவப்பா?" இருபத்திரண்டு வாக்கியம். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலை விழாவில், "டேய், வெளக்குகிட்ட பேசறான்டா, மந்திரிச்சு வுடுங்கடா" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. மூன்றாம் பாடத்தில் விளக்கு போய் டெலிபோன் வந்தது. ஸ்டேஷனுக்குப் போட்ட லைன் செத்துக்கிடக்கிறது. கேட்பவர் இல்லாத ரிசீவரில் பேசுகிறார். பதினான்கு வாக்கியம். நான்கு பாடங்களிலும் மாறாத இரண்டு சொற்கள் "வண்டி வருது" மட்டும்தான். ரயில் சத்தம் போடுபவருக்கு அதுதான் குறிப்பு.

சார் பிரதியில் எதையும் அடிக்கமாட்டார். மாற்றிய பகுதியைத் தனித் துண்டில் எழுதி, பழையதன் மேல் ஓரத்தில் மட்டும் மைதா பசை தடவி ஒட்டுவார். தூக்கிப் பார்த்தால் அடியில் பழையது இருக்கும். அந்த ஒரு பக்கம் மட்டும் அட்டைபோல் தடித்துப்போயிருந்தது.

சார் 2001இல் காலமானார். மூன்று வருடம் நாடகம் இல்லை. பிறகு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மெர்சி குழுவைத் திரும்ப எடுத்தாள். 'மூடிய கேட்' போடலாம் என்று முடிவானது. அதற்குள் ஏழுமலைக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரல் பாதிகூடத் திரும்பவில்லை. காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சத்தம் வரும். இரண்டு மூன்று வாக்கியத்துக்குத் தாங்கும். நீளமாகப் பேசினால் அறுந்துவிடும். மற்ற காட்சிகளில் அவருக்குச் சின்னச் சின்ன வசனங்கள்தான், சமாளிக்கலாம். தனிமொழியை என்ன செய்வது?

மெர்சி நான்காம் பாடத்தை உண்டாக்கினாள். ஒன்பது வாக்கியம். அதை வேறொருவர் குரலில் ஸ்டுடியோவில் பதிவுசெய்து சிடியில் ஏற்றினாள். சினிமாவில் வருகிற மனக்குரல் மாதிரி. ஏழுமலை விளக்கை ஆணியில் மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். குரல் ஸ்பீக்கரில் வரும். இப்போதெல்லாம் இதுதான் வழக்கம் என்றாள். எனக்கும் வேலை மாறியது. பிரதியோடு சிடி பிளேயரும் என் பக்கத்தில். விளக்கு ஆணியில் ஏறியதும் முதல் டிராக்கை அழுத்த வேண்டும். முடிந்ததும் இரண்டாவது டிராக், ரயில் சத்தம்.

அவளைக் குறை சொல்லவில்லை. அவள் பயம் வேறு. "அங்கிள், பாதியில குரல் நின்னுடுச்சுன்னா அவர் உடைஞ்சிடுவார். அப்புறம் மேடைப் பக்கமே வரமாட்டார்" என்றாள். அதுவும் சரிதான். எனக்கு இரவில் தூக்கம் வராமல் இரண்டு பக்கமும் யோசித்து, இரண்டு பக்கமும் சரி என்று தோன்றி, இன்னும் தூக்கம் கெட்டது.

ஏழுமலை ஒத்திகைகளில் சொன்னபடி நின்றார். ஒன்பது ஒத்திகை. கடைசி ஒத்திகைக்குப் பிறகு டீக்கடையில் தன் பாட்டுக்கு டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சார், வூட்ல குப்பத்துலருந்து எல்லாரையும் கூட்டினு வராங்களாம். நான் நடிச்சு அவுங்க ஒருத்தரும் பாத்ததில்ல."

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான். 'அத்தன பேர கூட்டினு வரேன், நீ இன்னா பொம்ம கணக்கா நிக்கப்போறியா'ன்னு கேக்கறா."

நான் டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். தலையாட்டினார். இந்த நாடகம்தான் அவருக்குக் கடைசியா, இல்லை இன்னும் உண்டா என்பது அந்த நான்கு நிமிடத்தில் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் அந்தக் கடை பன்னைப் பற்றிப் பேசினோம்.

ஆறரைக்குத் தொடங்கினோம். மழை வரவில்லை. அரங்கத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். திரை இடுக்கு வழியாக இரண்டு முறை எண்ணினேன். நான்காவது வரிசையில் ஏழுமலையின் மனைவியும் குப்பத்துப் பெண்கள் ஏழு பேரும். காலையிலிருந்து மீன் விற்றுவிட்டு, குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வறுத்த கடலை ஏழாவது வரிசை வரை போய்வந்தது.

ஏழே முக்காலுக்குத் தனிமொழி வந்தது. ஆட்டோ வந்து நின்ற சத்தம், மருமகன் கத்தல், எல்லாம் முடிந்து மேடையில் ஏழுமலை மட்டும். விளக்கைக் கையில் பிடித்தபடி ஆணிக்கு அருகில் போனார். என் விரல் பொத்தான்மேல் இருந்தது. அவர் கை உயர்ந்தது. உயர்ந்த கை இறங்கியது. விளக்கு கையிலேயே இருந்தது.

எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற மெர்சி, போடுங்கள் என்று சைகை காட்டினாள். நான் ஆணியைக் காட்டினேன். குறிப்பு வரவில்லை. குறிப்பு வராமல் நான் இருபத்தெட்டு வருடத்தில் எதையும் செய்ததில்லை. அவள் கையை இன்னும் வேகமாக ஆட்டினாள். நான் இன்னும் தெளிவாக ஆணியைக் காட்டினேன்.

ஏழுமலை பேச ஆரம்பித்தார்.

அந்தக் காகிதக் குரலில்தான். "லைன்ல யாராவது கீறீங்களா?" அது மூன்றாம் பாடம். ஆனால் மேடையில் டெலிபோனே இல்லை. நான் மேல்துண்டைத் தூக்கி மூன்றாம் துண்டுக்குப் போனேன். அதற்குள் அவர் விளக்கைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். அது இரண்டாம் பாடம். மூன்றாவதையும் தூக்கினேன். பசை விட்டு ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. எங்கே இருக்கிறார் என்று தெரியாதவனால் எதை எடுத்துக் கொடுக்க முடியும்? முதலில் பின்வரிசையில் சலசலப்பு. பிறகு, கேட்கவில்லை என்பதாலேயே, எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஏழுமலை மெதுவாக முன்விளிம்புக்கு வந்தார், மேலே தொங்கிய மைக்குக்கு நேர் கீழே. மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி எச்சில் விழுங்கினார். அந்த நிறுத்தம் ஒவ்வொன்றும் கேட் கீப்பர் கடியாரத்தைப் பார்ப்பது போல இருந்தது.

"நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

முதல் பாடம். கீழே வட்டம். ஐந்து எண்ணினேன். ஆறு. ஏழு. "வண்டி வருது" வரவில்லை. குரல் அறுந்துவிட்டதா, மறந்துவிட்டாரா? 'வண்' என்று இரண்டு எழுத்து கொடுத்தால் போதும். என் மூச்சு வெளியே போய்த் தயாராக இருந்தது. ஏழுமலையின் காலைப் பார்த்தேன். பத்து விரலும் தரையில் ஆணி அடித்தது போல. வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு. பதிமூன்று.

"தொறக்காதண்ணா."

நான்காவது வரிசை. குப்பத்துப் பெண்களில் ஒருத்தி. யாரோ 'உஷ்' என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். முதல் பாடத்தை மேடையேற்றிய பதினேழு காட்சிகளிலும் ஒருவர்கூட அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி தங்களுக்கு இல்லை என்று தெரியும். இந்தப் பெண்ணுக்கு அந்த வழக்கம் தெரியாது. ஓர் ஆள் தன்னைப் பார்த்துக் கேட்டான், அவள் சொன்னாள்.

ஏழுமலை அவள் பக்கம் திரும்பினார். கேட் கீப்பராகவே திரும்பினார்.

"தொறக்கலன்னா எம் பொண்ணு இன்னா ஆவா?"

இது எந்தப் பாடத்திலும் இல்லை. காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கிய பிரதியிலும் இல்லை. அந்த நாட்களில் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கித்தான் நாடகம் போடுவோம். எனக்கு அந்த நேரத்திலும் அந்தக் கவலை வந்தது.

அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அந்தாண்ட நாங்க கீறோம்ண்ணா. நாங்க பாத்துக்கறோம். நீ வண்டிய வுடு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை அவளையே பார்த்தார். முகத்தில் எனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. பிறகு விளக்கைத் தலைக்குமேல் தூக்கி, தண்டவாளம் இருப்பதாகச் சொல்லப்பட்ட திசைக்குத் திரும்பி, "வண்டி வருது" என்றார்.

சிடி முதல் டிராக்கில் நின்றிருந்தது. அப்படியே அழுத்தியிருந்தால் ஸ்டுடியோக்காரரின் கணீரென்ற குரல் வந்து எல்லாவற்றையும் கெடுத்திருக்கும். அடுத்தது என்ற பொத்தானை ஒருமுறை அழுத்தி, '2' வந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, ஓடவிட்டேன். ரயில் இரண்டு நொடி தாமதமாக வந்தது. தென்னக ரயில்கள் அதைவிட அதிகம் தாமதமாக வரும் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. தாமதம் தாமதம்தான்.

திரை விழுந்ததும் மெர்சி நேராக என்னிடம் வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் அவள் துடைத்தது கண்ணாடியை இல்லை, கண்ணை.

"விளக்கை மாட்டல" என்றேன்.

"பாத்தேன் அங்கிள்."

ஏழுமலையிடம் கேட்டேன், மறந்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று. எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அவர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியல சார். கை போச்சு, மாட்ட மனசு வரல. சரி, பேசித்தான் பாப்போமேன்னு..."

"அந்தக் கேள்விக்கு அப்புறம் ஏன் நின்னீங்க? பதிமூணு எண்ணிட்டேன்."

"யார்னா எதுனா சொல்லுவாங்களான்னு பாத்தேன்."

அடுத்த வாரம் மெர்சி வீட்டில் உட்கார்ந்து ஐந்தாம் பாடத்தை எழுதினோம். அந்தப் பெண்ணின் பதிலை எழுதி, ஒரு நடிகையை ஜனங்களுக்கு நடுவில் உட்காரவைக்கலாமா என்று மெர்சி கேட்டாள். வேண்டாம் என்றார் ஏழுமலை. யாரும் பதில் சொல்லாவிட்டால், தானே சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். அதனால் கேள்விக்குக் கீழே ஒரு பெரிய வட்டம் போட்டு, மற்றதை வெறுமையாக விட்டோம். முத்திரைக்குக் கொண்டுபோனபோது, இங்கே என்ன வரும் என்று கேட்டார்கள். மௌனம் வரும் என்றேன். பொய் இல்லை.

அதன் பிறகு 2008 வரை இருபத்தாறு காட்சிகள். குன்றத்தூர், பல்லாவரம், ஊரப்பாக்கம், ஒருமுறை கோவளம் குப்பத்திலேயே மணலில் மேடை கட்டி. பத்தொன்பது காட்சிகளில் யாராவது பதில் சொன்னார்கள். திற என்றவர்கள் நான்கு பேர், திறக்காதே என்றவர்கள் பதினொரு பேர். பல்லாவரத்தில் ஒருவர், "மொதல்ல ஆம்புலன்ஸ்க்கு போன் பண்ணுய்யா" என்றார். ஏழுமலை, "லைன் செத்துக் கீதுங்க" என்று அவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். மீதி மூன்று பேர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஏழு காட்சிகளில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்போதும் அவர் நின்று, கேட்டு, அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் ரயிலை விட்டார். ஒருநாளும் அவர் விரல் தரையைத் தேடவில்லை.

குரல் பழைய நிலைக்கு வரவேயில்லை. ஆனால் அறவும் இல்லை. தாங்கியதற்கு ஒரு காரணம், அவர் கத்த வேண்டியிருக்கவில்லை. அந்த ஆகஸ்ட் காட்சிக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, அவரை அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய், சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் மைக் ஒன்று வாங்கினேன். குழுவின் கணக்கில் எழுதச் சொன்னாள் மெர்சி. நான் எழுதவில்லை. மைக் மூவாயிரத்து இருநூறு, இரண்டு ஜோடி பாட்டரி எண்பது, இருவருக்கும் ரயில் டிக்கெட் போக வர இருபத்தெட்டு, டீ இரண்டு பத்து. ஆக, எனக்கு ஆன மொத்தச் செலவு மூவாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய்.